‘டு’ போடவா, ‘இங்’ போடவா? ஜெரண்ட், இன்ஃபினிடிவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஐ வான்ட் டு ரீட்’ சரி. ‘ஐ என்ஜாய் டு ரீட்’ தவறு. ‘ஐ என்ஜாய் ரீடிங்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆளும் ஒருவர்தான், படிக்கிற வேலையும் ஒன்றுதான், ஆனால் ஓரிடத்தில் ‘டு’ வருகிறது, இன்னோரிடத்தில் ‘இங்’ வருகிறது. ஆங்கிலம் நன்றாகக் கைவந்தவர்கள்கூடச் சறுக்குகிற இடம் இது. இது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்த விஷயத்தில் கண்ணைவிடக் காதுதான் சீக்கிரம் பழகும்.

ஜெரண்ட் எது, இன்ஃபினிடிவ் எது?

வினைச்சொல்லோடு ‘இங்’ சேர்ந்து, அது பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்தால் ஜெரண்ட். ‘ஸ்விம்மிங் இஸ் ஃபன்’ என்பதில் ‘ஸ்விம்மிங்’தான் எழுவாய். நம் இலக்கணத்தில் தொழிற்பெயர் என்கிறோமே, நீந்துதல், நீந்துவது என்று, கிட்டத்தட்ட அதுதான். வினைச்சொல்லுக்கு முன்னால் ‘டு’ வந்தால் இன்ஃபினிடிவ்: ‘டு ஸ்விம்’. ‘நீந்தப் போனான்’ என்பதில் வரும் ‘நீந்த’ இதற்கு நெருங்கிய சொந்தம்.

‘இங்’கைக் கண்ட இடமெல்லாம் ஜெரண்ட் என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஷி இஸ் ஸ்விம்மிங்’ என்றால் நீந்திக்கொண்டிருக்கிறாள். அது நடந்துகொண்டிருக்கும் வினை. ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ தூங்குகிற குழந்தை, ஆனால் ‘ஸ்லீப்பிங் பேக்’ தூங்குகிற பை அல்ல, தூங்குவதற்கான பை. முன்னது பார்டிசிபிள் (‘தூங்குகிற’ என்பதுபோல் வேலை செய்யும் ‘இங்’ வடிவம்), பின்னது ஜெரண்ட். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு விகுதிகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை ஒரே ‘இங்’ ஆகிவிட்டன. இன்றைய இலக்கண அறிஞர்கள் சிலர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். அதனால் எதற்கு என்ன பெயர் என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எங்கே எது வரும் என்பதுதான் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி உண்டா?

இல்லை. ‘டு’வா ‘இங்’கா என்பதை முடிவு செய்வது அதற்கு முன்னால் நிற்கும் சொல். ‘வான்ட்’ தன் பின்னால் ‘டு’வைக் கேட்கும், ‘என்ஜாய்’ ‘இங்’கைக் கேட்கும். ஆகவே எந்த வினைச்சொல்லைக் கற்றாலும் அதன் துணையையும் சேர்த்தே கற்க வேண்டும். ‘என்ஜாய்’ என்று தனியாக மனப்பாடம் செய்வதில் பாதிப் பயன்தான்; ‘என்ஜாய் டூயிங்’ என்று செய்தால் முழுப் பயன்.

விதி இல்லாவிட்டாலும் ஒரு போக்கு உண்டு. இன்ஃபினிடிவில் வரும் ‘டு’, ‘ஓரிடத்தை நோக்கி’ என்று திசை காட்டும் அதே பழைய ‘டு’வின் வழித்தோன்றல். அந்த வாசனை இன்னும் போகவில்லை. அதனால் இனிமேல் நடக்க வேண்டியதைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் ‘டு’வோடு வரும்: ‘ஹோப்’, ‘ப்ளான்’, ‘டிசைட்’, ‘ப்ராமிஸ்’. ஏற்கெனவே நடந்ததையோ நடப்பதையோ கையில் எடுத்துப் பேசும் வினைகள் ‘இங்’கோடு வரும்: ‘என்ஜாய்’, ‘ஃபினிஷ்’, ‘அட்மிட்’. ட்வைட் போலிஞ்சர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960களில் இந்த வேறுபாட்டை எழுதியதிலிருந்து இதை ஒட்டிப் பலர் விளக்கம் சொல்கிறார்கள்.

ஆனால் இதை விதி என்று நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ‘போஸ்ட்போன்’, ‘சஜஸ்ட்’, ‘கன்சிடர்’ எல்லாம் இனி நடக்கப்போவதைப் பற்றியவைதான். மூன்றுக்கும் ‘இங்’தான் வரும். ‘ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ் இட்’ என்றால் வேலை முடிந்தேபோயிற்று, இருந்தும் ‘டு’. போக்கு என்பது நினைவில் வைக்க உதவும், அவ்வளவுதான்.

எந்தெந்த வினைக்கு எது என்று சொல்லிவிடுங்களேன்?

முழுப் பட்டியல் நீளமானது, படித்தாலும் தங்காது. அடிக்கடி தேவைப்படுபவை இவை.

‘இங்’ கேட்பவை: ‘என்ஜாய்’, ‘ஃபினிஷ்’, ‘அவாய்ட்’, ‘மைண்ட்’, ‘கீப்’, ‘ப்ராக்டிஸ்’, ‘மிஸ்’, ‘ரிஸ்க்’, ‘அட்மிட்’, ‘டினை’, ‘இமாஜின்’, ‘கன்சிடர்’, ‘சஜஸ்ட்’, ‘ரெகமண்ட்’, ‘போஸ்ட்போன்’. ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’, ‘கான்ட் ஹெல்ப்’ ஆகியவையும் இந்தக் கட்சிதான்.

‘டு’ கேட்பவை: ‘வான்ட்’, ‘ஹோப்’, ‘எக்ஸ்பெக்ட்’, ‘டிசைட்’, ‘ப்ளான்’, ‘அரேஞ்ச்’, ‘ப்ராமிஸ்’, ‘அக்ரீ’, ‘ஆஃபர்’, ‘ரெஃப்யூஸ்’, ‘த்ரெட்டன்’, ‘லேர்ன்’, ‘மேனேஜ்’, ‘ஃபெயில்’, ‘ப்ரிடெண்ட்’, ‘அஃபோர்ட்’.

இதில் ‘டினை’யையும் ‘ரெஃப்யூஸ்’ஸையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ஹி டினைட் டேக்கிங் த கீ’ என்றால், நான் சாவியை எடுக்கவே இல்லை என்று சாதித்தான். ‘ஹி ரெஃப்யூஸ்ட் டு டேக் த கீ’ என்றால், நீட்டிய சாவியை வாங்க மாட்டேன் என்றான். தமிழில் இரண்டுக்குமே ‘மறுத்தான்’ என்று சொல்லிவிடுவோம். அதனால்தான் ‘டினைட் டு டேக்’ என்ற தவறு இவ்வளவு சாதாரணமாக வருகிறது.

தமிழில் யோசித்து எழுதினால் சரியாக வருமா?

பாதி வரும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் வேலை சுலபம்.

தமிழில் ‘செய்வது’ என்ற தொழிற்பெயர் வேற்றுமை உருபோடு வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘இங்’. ‘படிப்பதில் ஆர்வம்’ என்பது ‘இன்டரெஸ்டட் இன் ரீடிங்’. ‘போவதைத் தவிர்த்தான்’ என்பது ‘அவாய்டட் கோயிங்’. தமிழில் ‘செய’ என்ற எச்சம் வந்தால் பல இடங்களில் ‘டு’. ‘போக முடிவு செய்தாள்’ என்றால் ‘டிசைடட் டு கோ’, ‘உதவ முன்வந்தார்’ என்றால் ‘ஆஃபர்ட் டு ஹெல்ப்’. இதுவரை காது கைகொடுக்கும்.

கைவிடுகிற இடங்களைப் பார்ப்போம். ‘எழுதி முடித்தேன்’ என்பதில் ‘எழுதி’ இரண்டுமே அல்ல, அது ‘செய்து’ என்னும் எச்சம். ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்ட் ரைட்டிங்’. ‘பேசிக்கொண்டே இருந்தான்’ என்பதும் அப்படித்தான்: ‘கெப்ட் டாக்கிங்’. ‘வருவதாக ஒப்புக்கொண்டான்’ என்பதில் தொழிற்பெயர் இருக்கிறதே என்று ‘அக்ரீட் கமிங்’ என்று எழுதினால் தவறு; ‘அக்ரீட் டு கம்’ வேண்டும். ‘உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்’ என்பதில் ‘செய’ எச்சம் இருந்தாலும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ’ என்றுதான் வரும். அப்புறம், ‘பேசுவதற்குக் கஷ்டம்’ என்பதை அப்படியே இறக்கி ‘டிஃபிகல்ட் ஃபார் ஸ்பீக்கிங்’ என்று எழுதுகிறார்கள். ‘டிஃபிகல்ட் டு ஸ்பீக்’தான் சரி. ஆனால் ‘டிஃபிகல்ட்’ பெயர்ச்சொல்லாகி ‘டிஃபிகல்டி’ ஆனால் துணையும் மாறும்: ‘ஐ ஹேவ் டிஃபிகல்டி ஸ்பீக்கிங்’.

ப்ரெபோசிஷனுக்கு (‘அட்’, ‘ஆஃப்’, ‘வித்தவுட்’ போன்ற முன்னிடைச்சொல்லுக்கு)ப் பின்னால் எது வரும்?

‘இங்’. இந்தப் பாடத்தில் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய விதி இது ஒன்றுதான். ‘குட் அட் டிராயிங்’, ‘டயர்ட் ஆஃப் வெய்ட்டிங்’, ‘பிஃபோர் லீவிங்’, ‘வித்தவுட் ஆஸ்கிங்’, ‘இன்ஸ்டெட் ஆஃப் கம்ப்ளெய்னிங்’. ‘பட்’, ‘எக்செப்ட்’ போன்ற ஓரிரண்டைத் தவிர எந்த ப்ரெபோசிஷனாக இருந்தாலும் இதே கதை.

அப்படியானால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்று எழுதிவிட்டு ‘மீட்டிங்’ என்று போடுகிறார்களே, ‘டு மீட்’ என்றுதானே வர வேண்டும்?

அங்கே இருக்கிற ‘டு’ இன்ஃபினிடிவின் ‘டு’ அல்ல, அது ப்ரெபோசிஷன். எழுத்து ஒன்றுதான், வேலை வேறு. கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ இயல்பாக ஒலிக்கிறது. ஆகவே அது ப்ரெபோசிஷன், பின்னால் வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ டிசைடட் டு த ஹாலிடேஸ்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே இருப்பது இன்ஃபினிடிவின் ‘டு’. ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டட் டு’, ‘அகஸ்டம்ட் டு’ ஆகியவையும் ‘இங்’ கேட்பவை. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களின் கடைசி வரியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடிப்பவர்கள் ஏராளம். ‘ஹியரிங்’ என்று திருத்திவிட்டு அனுப்புங்கள்.

‘யூஸ்ட் டு’வில்தான் குழப்பமே. அது எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும் இருக்கும். ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அர்லி’ என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அர்லி’ என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிவிட்டது. ‘யூஸ்ட்’டுக்கு முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘கெட்’ மாதிரி ஏதாவது இருந்தால் பழக்கம் என்ற பொருள், ‘இங்’ வரும். ஒன்றும் இல்லாமல் எழுவாய்க்கு நேர் பின்னால் வந்தால் பழைய கதை, வெறும் வினை. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: ‘திஸ் இஸ் யூஸ்ட் டு ஓப்பன் பாட்டில்ஸ்’. இது பாட்டில் திறக்கப் பயன்படுகிறது. இங்கே பேச்சு ஒரு பொருளின் உபயோகம் பற்றியது, ஆகவே ‘டு ஓப்பன்’.

ஒரே வினை இரண்டையும் ஏற்று, பொருள் மட்டும் மாறுவது உண்டா?

உண்டு, இந்தப் பாடத்தின் சுவையே இதில்தான்.

‘ஸ்டாப்’பில் தொடங்குவோம். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேச்சை நிறுத்திவிட்டான். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் நடந்துகொண்டிருந்தவன் பேசுவதற்காக நின்றான். முதல் வாக்கியத்தில் அமைதி, இரண்டாவதில் அரட்டை. இந்த ‘டு டாக்’ உண்மையில் ‘ஸ்டாப்’பின் துணையே அல்ல. எதற்காக நின்றான் என்ற காரணத்தைச் சொல்ல வந்தது.

‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’ இரண்டிலும் எது முந்தி, எது பிந்தி என்று பாருங்கள். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால் முதலில் பூட்டினேன். அது இப்போது நினைவுக்கு வருகிறது. ‘ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்’ என்றால் முதலில் நினைவு வந்தது, பிறகு பூட்டினேன். செயல் முந்தினால் ‘இங்’, நினைவு முந்தினால் ‘டு’. ‘ஐ’ல் நெவர் ஃபர்கெட் மீட்டிங் ஹர்’ என்பது அவளைச் சந்தித்ததை மறக்கவே மாட்டேன் என்கிறது. ‘ஐ ஃபர்காட் டு மீட் ஹர்’ என்றால் சந்திப்பே நடக்கவில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைமை.

‘ட்ரை’ கொஞ்சம் நுணுக்கம். ‘ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ’ என்றால் ஜன்னலைத் திறக்க முயன்றேன். இறுகிப்போயிருந்தது, திறந்ததோ இல்லையோ. ‘ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ’ என்றால் ஜன்னல் திறந்துவிட்டது. அறைப் புழுக்கம் குறைகிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்து பார்த்தேன். முன்னதில் திறப்பதே கஷ்டம். பின்னதில் திறந்தால் பலன் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. தமிழில் ‘திறக்கப் பார்த்தேன்’, ‘திறந்து பார்த்தேன்’ என்று இதே வேறுபாட்டை நாம் தினமும் சர்வசாதாரணமாகச் செய்கிறோம். அதை நினைவில் வைத்துக்கொண்டால் ‘ட்ரை’யில் தவறே வராது.

‘ரிக்ரெட்’: ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்கும் கடிதத்தில் கெட்ட செய்தி இனிமேல்தான் வரப்போகிறது. ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’ என்றால் ஏற்கெனவே சொல்லித் தொலைத்துவிட்டேன். ‘கோ ஆன்’: ‘ஷி வென்ட் ஆன் டாக்கிங்’ விடாமல் பேசினாள், ‘ஷி வென்ட் ஆன் டு டாக் அபௌட் மியூசிக்’ வேறு எதையோ முடித்துவிட்டு இசைக்கு வந்தாள். ‘மீன்’: ‘ஐ டிட்ன்ட் மீன் டு ஹர்ட் யூ’ என்றால் எனக்கு அந்த எண்ணம் இல்லை, ‘திஸ் ஜாப் மீன்ஸ் கெட்டிங் அப் அர்லி’ என்றால் இந்த வேலைக்குச் சேர்ந்தால் சீக்கிரம் எழுந்தாக வேண்டும்.

இரண்டையும் ஏற்று, பொருளும் மாறாதவை?

‘பிகின்’, ‘ஸ்டார்ட்’, ‘கன்டின்யூ’. எதைப் போட்டாலும் சரி. ஆனால் ‘இட் இஸ் பிகினிங் ரெய்னிங்’ என்று இரண்டு ‘இங்’ அடுத்தடுத்து வந்தால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ‘பிகினிங் டு ரெய்ன்’ என்பார்கள். ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘நோ’ போன்ற மனநிலை வினைகளுக்கும் ‘பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்’தான்.

‘லைக்’, ‘லவ்’, ‘ஹேட்’ இரண்டையும் ஏற்கும். நுணுக்கமாகப் பார்த்தால், ‘ஐ லைக் குக்கிங்’ என்றால் சமைப்பது பிடிக்கும். ‘ஐ லைக் டு செக் மை பில்ஸ் ட்வைஸ்’ என்றால் பில்லைச் சரிபார்ப்பதில் ஆனந்தம் என்று பொருளில்லை, அப்படிச் செய்வது நல்லது என்று செய்கிறேன். முன்னால் ‘வுட்’ வந்துவிட்டால் பேச்சே இல்லை, ‘டு’தான்: ‘ஐ வுட் லைக் டு கோ’.

‘ஹி சஜஸ்டட் மீ டு கோ’ என்பது ஏன் தவறு?

‘போகச் சொன்னார்’ என்பதைத்தான் இப்படி எழுதுகிறோம். ‘டெல்’, ‘ஆஸ்க்’, ‘அட்வைஸ்’ எல்லாம் ‘மீ டு கோ’ என்ற அமைப்பை ஏற்கும். ‘சஜஸ்ட்’ ஏற்காது. ‘ஹி சஜஸ்டட் கோயிங்’ அல்லது ‘ஹி சஜஸ்டட் தட் ஐ கோ’ என்று எழுதுங்கள். கடைசி வாக்கியத்தில் ‘ஹி’ வந்தாலும் ‘கோஸ்’ ஆகாமல் ‘கோ’வாகவே இருக்கும்: ‘ஐ சஜஸ்டட் தட் ஹி கோ’.

‘அலவ்’, ‘பெர்மிட்’, ‘அட்வைஸ்’ மூன்றுக்கும் இன்னொரு பழக்கம் உண்டு. நடுவில் ஆள் இருந்தால் ‘டு’, இல்லாவிட்டால் ‘இங்’. ‘தே டோன்ட் அலவ் ஸ்மோக்கிங்’, ஆனால் ‘தே டோன்ட் அலவ் அஸ் டு ஸ்மோக்’.

‘டு’வும் இல்லை, ‘இங்’கும் இல்லை என்று வருமா?

வரும். ‘மேக்’, ‘லெட்’ இரண்டுக்கும் வெறும் வினை: ‘ஷி மேட் மீ வெய்ட்’, ‘லெட் மீ கோ’. ஆனால் செயப்பாட்டு வினையானால் ‘மேக்’கின் ‘டு’ திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்: ‘ஐ வாஸ் மேட் டு வெய்ட்’. ‘ஹெல்ப்’ எப்படியும் போகும்: ‘ஹெல்ப் மீ கேரி’, ‘ஹெல்ப் மீ டு கேரி’. ‘ஹேட் பெட்டர்’, ‘வுட் ராதர்’ வந்தாலும் ‘டு’ கிடையாது.

‘சீ’, ‘ஹியர்’ சுவாரசியமானவை. ‘ஐ சா ஹிம் க்ராஸ் த ரோட்’ என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது வரை பார்த்தேன். ‘ஐ சா ஹிம் க்ராஸிங் த ரோட்’ என்றால் நடுச்சாலையில் இருக்கும்போது பார்த்தேன். கடந்து முடித்தானா என்பது வாக்கியத்தில் இல்லை. சாட்சி சொல்கிறவருக்கு இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம்.

எதற்காக என்று சொல்லும்போது ‘ஃபார் லேர்னிங்’ என்று எழுதலாமா?

‘ஐ கேம் ஹியர் ஃபார் லேர்னிங் மியூசிக்’ என்று எழுதாதீர்கள். ஒருவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்றால் ‘டு லேர்ன்’. ஒரு பொருள் எதற்கு உதவும் என்றால் ‘ஃபார்’ போட்டு ‘இங்’ வரும்: ‘திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் பேப்பர்’. நன்றிக்கும் தண்டனைக்கும்கூட அப்படித்தான்: ‘தேங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங்’, ‘ஃபைன்ட் ஃபார் ஸ்பீடிங்’.

அட்ஜெக்டிவுக்குப் பின்னால்?

பெரும்பாலும் ‘டு’: ‘ஈஸி டு லேர்ன்’, ‘ஹேப்பி டு ஹியர்’. ‘பிஸி’யும் ‘வொர்த்’தும் மட்டும் தனிவழி: ‘பிஸி குக்கிங்’, ‘வொர்த் ரீடிங்’. ‘அஃப்ரெய்ட்’ இரண்டு விதமாக வரும். ‘அஃப்ரெய்ட் டு ஜம்ப்’ என்றால் பயத்தில் குதிக்கத் தயங்குகிறான். ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்’ என்றால் விழுந்துவிடுவோமோ என்று பயம். குதிப்பது அவன் கையில் இருக்கிறது, விழுவது இல்லை.

‘த கார் நீட்ஸ் வாஷிங்’ என்றால் கார் எதைக் கழுவப்போகிறது?

ஒன்றையும் இல்லை. ‘நீட்’டுக்குப் பின் ‘இங்’ வந்தால் செயப்பாட்டுப் பொருள். காரைக் கழுவ வேண்டும். ‘நீட்ஸ் டு பி வாஷ்ட்’ என்றாலும் அதேதான்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் எதைப் போடுவது?

‘இங்’. ‘லேர்னிங் எ லாங்குவேஜ் டேக்ஸ் டைம்’. ‘டு லேர்ன்’ என்று தொடங்கினால் இலக்கணப்படி தவறில்லை, ஆனால் பொன்மொழி சொல்கிற தொனி வந்துவிடும். அதற்குப் பதில் ‘இட் டேக்ஸ் டைம் டு லேர்ன் எ லாங்குவேஜ்’ என்று ‘இட்’டில் தொடங்குவது இயல்பு.

‘மை கமிங்’ சரியா, ‘மீ கமிங்’ சரியா?

‘டு யூ மைண்ட் மை கமிங்?’ என்பது எழுத்து வழக்கு. பேச்சில் ‘மீ கமிங்’ என்பார்கள். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘மை’ போட்டால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தேர்வில் கோடிட்ட இடம் வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் சொல்லை முதலில் பாருங்கள். ப்ரெபோசிஷனா? ‘இங்’, அடுத்த கேள்விக்குப் போகலாம். ‘டு’ ஏற்கெனவே அச்சாகியிருக்கிறதா? பெயர்ச்சொல் சோதனையைப் போடுங்கள். வினையாக இருந்தால், அதற்கு அடுத்து ‘மீ’, ‘ஹிம்’ என்று ஆள் இருக்கிறாரா என்று கவனியுங்கள். ‘ஸ்டாப்’, ‘ரிமெம்பர்’, ‘ட்ரை’ வந்தால் மட்டும் வாக்கியத்தைக் கடைசி வரை படித்துப் பொருளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த மூன்றின் மேல் தனிப் பிரியம்.

வீட்டில் படிக்கும்போது சந்தேகம் வந்தால், கற்பவர்களுக்கான ஆங்கில அகராதி எதையாவது திறந்தால் போதும். பெரும்பாலானவற்றில் வினையின் பொருளோடு அது எந்த வடிவத்தை ஏற்கும் என்பதும் எடுத்துக்காட்டோடு இருக்கும்.

எதிர்மறையில் ‘நாட்’ எங்கே வரும்?

இரண்டுக்குமே முன்னால். ‘ஐ டிசைடட் நாட் டு கோ’, ‘ஐ ரிக்ரெட் நாட் கோயிங்’. பேச்சில் ‘டு நாட் கோ’ என்றும் கேட்பீர்கள். எழுதும்போது ‘நாட் டு கோ’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.